ஃபைபர் நெட் போடப்போறீங்களா? கம்பெனி மோடமே போதுமா, சொந்த ரவுட்டர் வேணுமா, மெஷ் தேவையா

வீட்டுக்கு ஃபைபர் நெட் போடறப்ப எல்லாரும் ப்ளானப் பத்தியேதான் பேசறாங்க, 100 எம்பிபிஎஸ்ஸா 300ஆ, கூட என்ன ஓடிடி தராங்க, ஆறு மாசம் சேத்துக் கட்டினா இன்ஸ்டலேஷன் ஃப்ரீயான்னு. ப்ளான எப்ப வேணா மாத்திக்கலாம், ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுது. ஆனா சொவத்துல ஓட்ட போட்டு ஒயர் இழுத்து மாட்டின பொட்டி அப்படி இல்ல, ஒரு தடவ எங்க மாட்டினாங்களோ அங்கயேதான் வருஷக்கணக்கா இருக்கும், அதோட எடம் தப்பா போச்சுன்னா 1 ஜிபிபிஎஸ் ப்ளான் போட்டாலும் பெட்ரூம்ல வீடியோ கால் திக்கித் திக்கிதான் வரும்.

எங்க அத்தை பையன் மேடவாக்கத்துல மூணு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கி குடி போறான். "கம்பெனிக்காரன் குடுக்கற மோடம் போதுமா, இல்ல தனியா ரவுட்டர் வாங்கணுமாண்ணா, ஆஃபீஸ்ல எல்லாரும் மெஷ் போடச் சொல்றாங்க"ன்னு கேட்டான். அவனுக்கு சொன்னதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், மடிப்பாக்கமோ கொளத்தூரோ திருவான்மியூரோ, இந்த முடிவு எல்லார் வீட்டுக்கும் வரும்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். ஃபைபர் வந்து முடியற பொட்டி கம்பெனியோடதாவே இருக்கட்டும், ஆனா அது வெளிச்சத்த டேட்டாவா மாத்தற வேலைய மட்டும் பாக்கட்டும். வைஃபை வேலைய உங்க சொந்த ரவுட்டர் பாக்கணும், அது வீட்டோட நடுவுல இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல நல்ல காப்பர் லேன் கேபிள் ஓடணும். மெஷ், அதாவது வைஃபைலயே ஒன்னோட ஒன்னு பேசிக்கற ரெண்டு மூணு பொட்டி, அதெல்லாம் அதுக்கப்புறம், அதுவும் தேவைப்பட்டா. ஏன் இப்படி சொல்றேன்னு புரியணும்னா அந்தப் பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியணும்.

நாம மோடம்னு சொல்றது உண்மைல மூணு வேல பாக்கற பொட்டி. மொத வேல, கண்ணாடி இழைல வர்ற வெளிச்சத்தப் படிக்கிறது, நம்ம டேட்டாவ வெளிச்சமா திருப்பி அனுப்பறது, இதத்தான் ஓஎன்டின்னு சொல்றாங்க, ஓஎன்யூன்னும் சொல்வாங்க. ரெண்டாவது ரவுட்டர் வேல, அதாவது வெளில ஒரே அட்ரஸ வெச்சுக்கிட்டு வீட்ல இருக்கற பதினஞ்சு இருபது ஃபோன் டிவி லேப்டாப்புக்கு பிரிச்சுக் குடுக்கறது. மூணாவது வைஃபை. இந்த மூணையும் ஒரே பிளாஸ்டிக் பொட்டில அடைச்சு கம்பெனி குடுக்குது. மூணுல மொத வேலைய அது நல்லாவே பாக்கும். மத்த ரெண்டுலதான் பொட்டிக்குப் பொட்டி வித்தியாசம், அதுலயும் வைஃபைலதான் வீட்டுக்கு வீடு அடி வாங்குது.

நம்ம ஊர்ல வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான்ங்கற முறைலதான் ஓடுது. கம்பெனி எக்ஸ்சேஞ்ச்ல ஓஎல்டின்னு ஒரு மெஷின், அதோட ஒரு போர்ட்லேந்து கிளம்பற ஒரே இழை, வழில ஸ்ப்ளிட்டர்ங்கற சின்ன டப்பால 32 வீடு இல்ல 64 வீடா பிரியுது. இறங்கற பக்கம் 1490 நானோமீட்டர் வெளிச்சம், ஏறற பக்கம் 1310, ரெண்டும் ஒரே இழைல ஒன்ன ஒன்னு இடிக்காம போகும். மொத்தமா அந்தப் போர்ட்டுக்கு இறங்க 2.488 ஜிபிபிஎஸ், ஏற 1.244. அத 32ஆல வகுத்துப் பாருங்க, எல்லாரும் ஒரே நொடில முழு வேகத்துல இழுத்தா ஆளுக்கு 77 எம்பிபிஎஸ்தான். நெஜத்துல எல்லாரும் ஒரே நொடில இழுக்கறதில்ல, அதனாலதான் 300 ப்ளான் 300ஆவே வேல செய்யுது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஐபிஎல் சமயத்துல மட்டும் வேகம் கொறையுது, காலைல சரியா இருக்குன்னா உங்க பொட்டிய சந்தேகப்படாதீங்க, அது வெளில நெரிசல், நீங்க பத்தாயிரம் ரூவாய்க்கு ரவுட்டர் வாங்கினாலும் அது மாறாது.

அந்த ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் வேணாம், இது முக்கியமான விஷயம், பின்னாடி இதுக்கு வர்றேன்.

இப்ப வெளிச்சக் கணக்கு. ஃபைபர் போட வர்ற ஆளுகிட்ட பவர் மீட்டர்னு கைல புடிக்கற கருவி இருக்கும், ஒயர் நுனில வெச்சா எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு டிபிஎம்ங்கற அளவுல, மைனஸ்ல ஒரு நம்பர் காட்டும். மைனஸ் 15லேந்து மைனஸ் 25க்குள்ள இருந்தா பிரச்சன இல்ல. மைனஸ் 27 வந்துட்டா அது விளிம்பு, சாதாரண ஜிபான் பொட்டிக்கு அதுக்குக் கீழ படிக்க முடியாது. ஒவ்வொரு 3 டிபி கொறையறப்பவும் வெளிச்சம் பாதியாகுதுன்னு அர்த்தம், அதனால மைனஸ் 20க்கும் மைனஸ் 26க்கும் பாக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருந்தாலும் கால்வாசி வெளிச்சம்தான் வருது. தோராயமா கணக்கு இப்படித்தான் போகும்: எக்ஸ்சேஞ்ச்லேந்து பிளஸ் 3ல கிளம்புதுன்னு வெச்சுக்குங்க, 32 பிரிவு ஸ்ப்ளிட்டர்ல 17 போச்சு, மூணு கிலோமீட்டர் இழைல ஒன்னு போச்சு, வழில இருக்கற ஜாயின்ட் கனெக்டர்ல ரெண்டு போச்சு, வீட்டுக்கு வர்றப்ப மைனஸ் 17. இதுவே உங்க வீட்ல மைனஸ் 25 காட்டுதுன்னா எங்கயோ ஒரு எட்டு டிபி கசியுது, எங்கயோ இழை மடங்கியிருக்கு இல்ல கனெக்டர் அழுக்கா இருக்கு. அன்னிக்கு நெட் ஓடும். மழக்காலத்துல ஜாயின்ட் பாக்ஸ்ல தண்ணி போய் இன்னும் ரெண்டு கொறைஞ்சா வெளிச்சம் வரலன்னு பொட்டில காட்டற எல்ஓஎஸ் லைட் சிவப்புல மின்ன ஆரம்பிச்சுடும்.

அதனால பொட்டி எதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இந்த நம்பர கேளுங்க. "தம்பி, பவர் எவ்வளவு காட்டுதுன்னு பாத்து சொல்லுப்பா"ன்னு கேட்டா பெரும்பாலான பசங்க சந்தோஷமாவே காட்டறாங்க, வேல தெரிஞ்ச பசங்களுக்கு இத கேக்கற கஸ்டமரப் புடிக்கும்.

இதுலயே ஒரு சின்ன ஒப்பீடு இருக்கு. வீட்டுக்குள்ள வர்ற இழையோட நுனில கனெக்டர் மாட்ட ரெண்டு வழி. ஒன்னு ஃபாஸ்ட் கனெக்டர், இழைய வெட்டி கைலயே சொருகி கிளிப் பண்ணிடறது, ரெண்டு நிமிஷ வேல. இன்னொன்னு ஸ்ப்ளைசிங் மெஷின்ல வெச்சு சூடு பண்ணி ரெண்டு இழையவும் ஒன்னா உருக்கி ஒட்டறது. மொதல்ல சொன்னதுல ஒரு ஜாயின்ட்டுக்கு 0.3, 0.5 டிபின்னு போகும், அதுவும் நாளாக நாளாக சூட்டுல லூஸாகி இன்னும் மோசமாகும். உருக்கி ஒட்டினதுல 0.1 கூட போகாது, அசையாது. நம்ம ஊரு மொட்ட மாடி வெயில்ல கெடக்கற ஜாயின்ட்டுக்கு ஒட்டினதுதான் சரி. மெஷின் கொண்டு வந்திருந்தா ஒட்டியே குடுங்கன்னு கேளுங்க, அதுக்குக் கொஞ்சம் காசு கேட்டாலும் குடுக்கலாம். கனெக்டர் நிறத்தையும் பாத்துக்குங்க, பச்சைன்னா நுனி எட்டு டிகிரி சாய்வா தேச்சது, நீலம்னா நேரா தேச்சது, பச்சைய நீலத்துல சொருகினா உள்ள மாட்டிக்கும் ஆனா ரெண்டு நுனியும் சரியா ஒட்டாம வெளிச்சம் கொட்டும், நுனியும் கெடும்.

இன்னொரு விஷயம், ஃபைபர் கனெக்‌ஷன்னு சொல்லி விக்கறது எல்லாமே வீட்டுக்குள்ள வர்ற ஃபைபர் இல்ல. நெறைய அப்பார்ட்மென்ட்ல ஃபைபர் மொட்ட மாடி வரைக்கும்தான் வரும், அங்க ஒரு இரும்புப் பொட்டிக்குள்ள ஸ்விட்ச் இருக்கும், அங்கேந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சாதா லேன் கேபிள் இறங்கும். வீட்ல ஓஎன்டியே தேவையில்ல, நேரா ரவுட்டர்ல சொருகிக்கலாம், அது ஒரு வசதிதான். ஆனா எனக்கு இது புடிக்காததுக்கு மூணு காரணம் இருக்கு. அந்த ஸ்விட்ச்சுக்கு கரண்ட் வேணும், ஈபி பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தினா மதியம் 2 வரைக்கும் உங்க வீட்ல இன்வெர்ட்டர் ஓடினாலும் மாடில இருக்கற ஸ்விட்ச் பேட்டரி தீந்து அணைஞ்சுடும், வீட்ல இருந்து வேல பாக்கறவங்களுக்கு அந்த நாள் லீவு போட்ட மாதிரிதான். ரெண்டாவது இடி, கோடை மழைல எங்கயோ பக்கத்துல ஒன்னு விழுந்தா மாடிலேந்து இறங்கற செம்பு ஒயர் வழியா ஏறி ரவுட்டரோட போர்ட் போயிடும், சில சமயம் அதுல சொருகியிருக்கற டிவியும் சேந்து போகும். கண்ணாடி இழைல கரண்ட் ஏறாது. மூணாவது, லேன் கேபிளுக்குள்ள எட்டு ஒயர் இருக்கு, ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேணும், அதுல நாலு மட்டும் கிரிம்ப் பண்ணியிருந்தாலோ வெயில்ல ஒன்னு அறுந்துட்டாலோ 100லயே நின்னுடும், டெஸ்ட் பண்ணா 94, 95ன்னு காட்டும், நீங்க 300க்கு பணம் கட்டிட்டிருப்பீங்க. ரெண்டுல எது கிடைக்கும்னு உங்க தெருவுல கேட்டுப் பாருங்க, வீட்டுக்குள்ளயே ஃபைபர் வர்ற கனெக்‌ஷன் கிடைச்சா மாசம் நூறு ரூவா ஜாஸ்தின்னாலும் அதையே எடுங்க. ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் வேணாம்னு மேல சொன்னேன் இல்லையா, அதோட அருமை பராமரிப்பு நாள்லதான் தெரியும், எக்ஸ்சேஞ்ச்ல ஜெனரேட்டர் ஓடுது, வழில கரண்ட் தேவையே இல்ல, உங்க வீட்டுப் பொட்டிக்கு மட்டும் கரண்ட் இருந்தா போதும்.

சரி, இப்ப பொட்டிக்கு வருவோம்.

கம்பெனி குடுக்கற ஒரே பொட்டியோட நிறுத்திக்கலாமா? ஒரு பெட்ரூம் வீடு, 400 500 சதுர அடி, ரெண்டு மூணு பேரு, ஃபோனும் ஒரு டிவியும்தான்னா தாராளமா நிறுத்திக்கலாம், அதுக்கு மேல செலவு பண்றது வீண். கெட்டுப்போனா அவங்களே மாத்திக் குடுப்பாங்க, ஒரே அடாப்டர், ஒரே ப்ளக். வீட்டு லேண்ட்லைன் நம்பர் வேணும்னா அதுக்கும் போர்ட் அதுலயே இருக்கும், ஊர்ல இருக்கற பெரியவங்க இன்னமும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு விஷயம் மட்டும் பாத்து வாங்கிக்குங்க, வைஃபை ரெண்டு பேண்டும் இருக்கணும், அதாவது 2.4 ஜிகாஹெர்ட்ஸும் 5 ஜிகாஹெர்ட்ஸும். இன்னமும் சில எடத்துல பழைய ஒத்த பேண்ட் பொட்டிய தலைல கட்டறாங்க, அப்பார்ட்மென்ட்ல 2.4ல இடிச்சுக்காம ஓடறது 1, 6, 11ன்னு மூணே சேனல்தான், சுத்தி இருபது வீட்டு வைஃபை இருக்கற எடத்துல அது மூச்சு விடாது. அடுத்தது லேன் போர்ட்ல ஒன்னாவது ஜிகாபிட் போர்ட்டா இருக்கணும்.

இதோட பெரிய குறை பொட்டில இல்ல, அது மாட்டற எடத்துல. ஒயர் எந்த ஜன்னல் வழியா உள்ள வருதோ அதுக்குப் பக்கத்துலயே மாட்டிட்டுப் போறதுதான் வழக்கம், பெரும்பாலும் வாசக்கதவு மேல, இல்ல பால்கனி ஓரம், இல்ல டிவி யூனிட்டுக்குப் பின்னாடி. பாதி வைஃபை படிக்கட்டுக்கும் தெருவுக்கும் போகும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீடுங்கள்ல ஒன்றரை அடி செங்கல் சொவரு, புது ஃப்ளாட்டுன்னா கம்பி போட்ட கான்கிரீட், நடுவுல இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, இது எல்லாமே 5 ஜிகாஹெர்ட்ஸ அடிச்சு நிறுத்தும். டிவி யூனிட் கதவுக்குள்ள பூட்டி வெச்சா கத்திரி வெயில்ல பொட்டி கொதிச்சு தானா ரீஸ்டார்ட் ஆகும். இதுக்கெல்லாம் ரவுட்டர மாத்தறது மருந்து இல்ல, எடத்த மாத்தறதுதான்.

ரெண்டாவது வழி, நான் சொல்றது, பொட்டிய ஜன்னல் பக்கமே விட்டுட்டு அதோட வைஃபைய அணைச்சுட்டு, அங்கேந்து ஒரு லேன் கேபிள ஹால் நடுவுக்கோ பெட்ரூமெல்லாம் சேர்ற பாசேஜுக்கோ இழுத்து அங்க சொந்த ரவுட்டர் மாட்டறது. இதுல ரெண்டு வகை. கம்பெனிகிட்ட சொல்லி அவங்க பொட்டிய பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேல பாக்காம டேட்டாவ அப்படியே கடத்தற மாதிரி மாத்தச் சொல்லலாம், அப்ப பிபிபிஓஇன்னு கம்பெனி நெட்ல நுழையற லாகினோட யூசர்நேம் பாஸ்வேர்டு வாங்கி உங்க ரவுட்டர்ல போடணும், வெளி அட்ரஸ் நேரா உங்க ரவுட்டருக்கே வரும். லேண்ட்லைன் இருந்தா அது பாட்டுக்கு பழைய பொட்டிலயே ஓடும். சில கம்பெனில பிரிட்ஜ் தர மாட்டேன்னு சொல்லிடுவாங்க, சண்ட போட வேணாம், உங்க ரவுட்டர ஏபி மோட்ல போட்டுடுங்க, அதாவது ரவுட்டர் வேல கம்பெனி பொட்டியே பாக்கட்டும், உங்களது வைஃபை மட்டும் குடுக்கட்டும். வீட்டு உபயோகத்துல ரெண்டுக்கும் வேகத்துல வித்தியாசம் தெரியாது. ஏபி மோடும் போடாம ரவுட்டருக்குப் பின்னாடி ரவுட்டர்னு அப்படியே சொருகிட்டா ரெண்டு தடவ அட்ரஸ் மாறும், யூட்யூப் பாக்க ஒன்னும் ஆகாது, ஆனா கேம் ஆடறவங்களுக்கும் வெளில இருந்து வீட்டு கேமரா ரெக்கார்டர நேரா திறக்கறவங்களுக்கும் தலைவலி. கேமராக்காக பிரிட்ஜ் கேக்கறவங்க ஒன்னு தெரிஞ்சுக்கணும், உங்க ரவுட்டர்ல வர்ற வெளி அட்ரஸ் 100.64லேந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா கம்பெனியே பல வீட்டுக்கு ஒரே அட்ரஸ வெச்சுருக்குன்னு அர்த்தம், பிரிட்ஜ் போட்டாலும் வெளிலேந்து கேமராவுக்கு வழி திறக்க முடியாது, ஸ்டேட்டிக் ஐபின்னு உங்களுக்கு மட்டும்னு ஒரு மாறாத அட்ரஸ தனியா காசு குடுத்து வாங்கணும்.

இந்த வழில எனக்கு ரொம்பப் புடிச்சது வேற ஒன்னு. நாளைக்கு கம்பெனிய மாத்தினாலும் உங்க வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மாறாது. டிவி, கேமரா, அம்மா ஃபோன், ஸ்மார்ட் பல்பு, ஒன்னையும் மறுபடி தொட வேணாம். புதுப் பொட்டி வந்தா லேன் கேபிள அதுல சொருகினா முடிஞ்சுது. சர்வீஸ் சரியில்லன்னா தயங்காம மாத்த தைரியம் வருது பாருங்க, அதுக்கே அந்தக் காசு தகும். கம்பெனி பொட்டிய அவங்க வெளிலேந்தே செட்டிங் மாத்த முடியும், டிஆர்-069ன்னு அதுக்கு ஒரு வழி இருக்கு, ரிப்பேருக்கு அது நல்லதுதான், ஆனா என் வைஃபை பாஸ்வேர்டு என் கைல மட்டும் இருக்கணும்னு நெனைக்கறவங்களுக்கும் சொந்த ரவுட்டர்தான்.

ரவுட்டர்ல என்ன பாக்கணும்னா, எல்லா போர்ட்டும் ஜிகாபிட், ரெண்டு பேண்ட், இப்ப புதுசா வாங்கறீங்கன்னா வைஃபை 6. மூவாயிரம் நாலாயிரம் ரூவாய்க்குள்ளயே நல்லது கிடைக்குது. ஆன்டெனா எண்ணிக்கையப் பாத்து ஏமாறாதீங்க. வைஃபை 7க்கு அள்ளிக் குடுக்க இப்ப அவசியம் இல்ல, 300 எம்பிபிஎஸ் ப்ளான்ல அதோட வித்தியாசம் உங்க ஃபோன்ல தெரியவே தெரியாது.

மூணாவது வழி, ஓஎன்டியையே சொந்தமா வாங்கறது. பிஎஸ்என்எல் ஃபைபர்ல அந்த வழக்கம் இருக்கு, மோடம் நீங்களே வாங்கிக்குங்க சார்னு லைன் போடற பார்ட்னரே சொல்வாரு. வாடகை மிச்சம், நல்ல பொட்டியா பாத்து எடுக்கலாம். ஆனா எந்த ஓஎன்டியையும் எந்த லைன்லயும் சொருகிட முடியாது. அந்தப் பக்கம் ஜிபானா, இல்ல இபான்ங்கற இன்னொரு முறையான்னு கேக்கணும், ரெண்டுக்கும் ஒத்துப்போற எக்ஸ்பான் பொட்டி கடைல கிடைக்குது. பொட்டியோட சீரியல் நம்பர அவங்க ஓஎல்டில பதிவு பண்ணாத்தான் லைட் நிக்கும். வேற கம்பெனி ஓஎல்டியோட சரியா பேசாம நெட் வந்து லேண்ட்லைன் வராம போறதெல்லாம் நடக்கும், அப்ப லைன்மேன் பொட்டியக் காட்டுவாரு, கடைக்காரர் லைனக் காட்டுவாரு, நடுவுல நாமதான் நிப்போம். அதனால லைன் போடற பார்ட்னர் எந்த மாடல் சொல்றாரோ அதையே அவர் மூலமாவே வாங்கறதுதான் உத்தமம். தனியார் கம்பெனிங்க பெரும்பாலும் தங்களோட பொட்டிதான் போடணும்னு சொல்வாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. இன்னும் சில வருஷத்துல லைன் 10 ஜிபிபிஎஸ் வேகத்துல ஓடற எக்ஸ்ஜிஎஸ்-பான்ங்கற முறைக்கு மாறினா அதுக்கு வேற அலைநீளம், வேற ஓஎன்டி, அப்ப சொந்தமா வாங்கினது பரண்ல போய் சேரும். அந்தச் செலவு அவங்களோடதா இருக்கட்டும். ரவுட்டர்ல நேரா சொருகற குச்சி மாதிரி சின்ன ஓஎன்டியும் வருது, பாக்க ஆசையா இருக்கும், ரொம்ப சூடாகும், அதுக்கேத்த ரவுட்டரும் வெல ஜாஸ்தி, சாதாரண வீட்டுக்கு வேணாம்.

இப்ப மெஷ். ரெண்டு மூணு பொட்டி, ஒன்னோட ஒன்னு வைஃபைலயே பேசிக்கும், ஒயர் வேணாம்னு விக்கறாங்க. ரெண்டு பேண்ட் மட்டும் இருக்கற மெஷ்ல ஒரே ரேடியோ ஒரு பக்கம் வாங்கி இன்னொரு பக்கம் குடுக்கணும், அதனால ரெண்டாவது பொட்டிகிட்ட வேகம் கிட்டத்தட்ட பாதியாகும், நடுவுல கான்கிரீட் சொவரு இருந்தா இன்னும் கொறையும். வாடகை வீடு, சொவத்துல ஆணி அடிச்சாலே ஓனர் கேள்வி கேப்பாரு, ஒயர் இழுக்க வழியே இல்லன்னா மெஷ் வாங்குங்க, அது நியாயமான தீர்வு. சொந்த வீட்ல அந்தக் காசுல பாதிய ஒயருக்குப் போடுங்க. கீழ மேலன்னு ரெண்டு மாடி தனி வீடு, அடையார் பக்கமோ அண்ணாநகர் பக்கமோ, மேல ஒரு ஏபி, கீழ ஒரு ரவுட்டர், நடுவுல லேன் கேபிள், இத அடிச்சுக்க எதுவும் கிடையாது. மெஷ் பொட்டியே வாங்கினாலும் அதையும் ஒயர்ல சேத்து விடுங்க, அப்பத்தான் போட்ட காசுக்கு வேல செய்யும்.

அந்த லேன் கேபிள் விஷயத்துல ரொம்ப உஷாரா இருக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் கேட்டா கேட்-6னு போட்ட கேபிளே பல வெலைல காட்டுவாங்க, வெல கம்மியா இருக்கறது பெரும்பாலும் அலுமினியத்து மேல செம்பு பூசினது. எடுத்துப் பாத்தா லேசா இருக்கும், நுனிய பிளேடால சொரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மடங்கற எடத்துல ஒடியும், அதே ஒயர் வழியா கரண்டும் வாங்கற ஏபி மாட்டினா சூடாகும். "அண்ணே, ப்யூர் காப்பர்தானா, சொரண்டிப் பாத்துக்கறேன்"னு நேரா கேளுங்க, நல்ல கடைக்காரர் தப்பா நெனைக்க மாட்டாரு. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு கேட்-5இ கூட போதும், ஆனா சொவத்துக்குள்ள போற ஒயர் மறுபடி மாத்த முடியாததால கேட்-6 போடறேன். 100 மீட்டர் வரைக்கும் ஓடும், வீட்டுக்குள்ள அந்தக் கவலையே இல்ல. வெளிப்பக்கம் வெயில்ல போகுதுன்னா கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள், சாம்பல் நிறக் கேபிள் நம்ம வெயில்ல ரெண்டு மூணு கோடைல நொறுங்கும். புது ஃப்ளாட்டுன்னா பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ஹால்லேந்து ஒவ்வொரு ரூமுக்கும் ஈபி ஒயர் போற பைப்போட சேக்காம தனி பைப் போடச் சொல்லுங்க, என் அத்தை பையன்கிட்ட மொதல்ல சொன்னதே இதுதான். ஃபைபரையே நடு ஹாலுக்கு இழுத்துட்டு வரலாமேன்னு கேக்கலாம், இழுக்கலாம், இப்ப வர்ற வீட்டு இழை ஒரு சென்டிமீட்டர் வளைவு வரைக்கும் தாங்கும். ஆனா கதவு இடுக்குல நசுங்கினா, மெத்தைக்குக் கீழ மடங்கினா போச்சு. அத சேக்க மறுபடி மெஷினோட ஆளு வரணும், லேன் கேபிள் அறுந்தா தெரு முனை எலக்ட்ரீஷியனே சரி பண்ணிடுவாரு.

கரண்ட் பத்தி. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா பொட்டி மாட்டற ப்ளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கான்னு மாட்டறதுக்கு முன்னாடியே பாருங்க, பல வீட்ல லைட்டும் ஃபேனும்தான் அதுல இருக்கும், டிவி பாயின்ட் இருக்காது. இன்வெர்ட்டர் மாறற நொடில ரவுட்டர் அணைஞ்சு எரிஞ்சா இன்வெர்ட்டருக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோட்ல போடுங்க, மாறற நேரம் கொறையும். இன்வெர்ட்டர் இல்லன்னா 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், ஆனா அதுலயும் ஒரு கணக்கு இருக்கு. ஓஎன்டியும் ரவுட்டரும் சேந்து 15 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க. டப்பா மேல 10000 எம்ஏஹெச்னு போட்டிருப்பாங்க, அது 3.7 வோல்ட் பேட்டரி கணக்கு, பெருக்கினா 37 வாட் ஹவர்தான், சேதாரம் போக ரெண்டு மணி நேரம் வரும். அஞ்சு மணி நேர ஷட்டவுன தாங்கணும்னா அதுல ரெண்டு மடங்குக்கு மேல பெருசா பாக்கணும், இல்ல இதவிடக் கொஞ்சம் பெருசா ஓஎன்டிக்கு ஒன்னு ரவுட்டருக்கு ஒன்னுன்னு தனித்தனியா போடணும். அடாப்டர்ல 12 வோல்ட்டா, எத்தன ஆம்பியர், பின் சைஸ் என்னன்னு பாத்துட்டு வாங்குங்க, சில பொட்டிக்கு 12 வோல்ட் இல்ல, பொருந்துதேன்னு சொருகினா பொட்டி எரிஞ்சுடும்.

வெள்ளம் வர்ற ஏரியா, வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், இங்கெல்லாம் தரைத்தளத்துல இருக்கற ஜாயின்ட் பாக்ஸ இடுப்பு உயரத்துக்கு மேல மாட்டச் சொல்லுங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சுன்னு சொவத்துல கோடு தெரியும், அதுக்கு மேல. 2016ல வர்தா புயல் மரங்கள சாய்ச்சப்ப மேல தொங்கின கேபிள் எல்லாம் சேந்துதான் அறுந்துச்சு. ரெண்டு கம்பெனி கனெக்‌ஷன் வெச்சுக்கறேன்னு நெனைக்கறவங்க ஒன்னு அதே கம்பத்துல வராத மாதிரி பாருங்க, ரெண்டும் ஒரே மரத்தடில போனா ரெண்டுமே ஒன்னாதான் போகும்.

வேல முடிச்சு தம்பி கிளம்பறதுக்கு முன்னாடி அவர் மீட்டர்ல காட்டற நம்பர ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க, பொட்டிக்கு அடில ஒட்டியிருக்கற சீரியல் நம்பரையும், பிபிபிஓஇ பாஸ்வேர்டு குடுத்தா அதையும். லேப்டாப்ப ஓஎன்டில லேன் கேபிள்ல சொருகி ஸ்பீட் டெஸ்ட் ஒன்னு போடுங்க, அப்புறம் வைஃபைல கடைசி பெட்ரூம்லேந்து ஒன்னு. மொதல்ல போட்டது ப்ளான் வேகத்துக்கு பக்கத்துல இருந்து ரெண்டாவது பாதிக்கும் கீழ இருந்தா ரவுட்டருக்கும் ஒயருக்கும் காசு எடுத்து வைங்க. மொதல்ல போட்டதே கம்மியா இருந்தா தம்பிய அனுப்பாதீங்க, அப்பவே கனெக்டர தொடச்சு மறுபடி மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.